மாப்பிள்ளை எப்பவும் டைட்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. கைகட்டி நின்றால் எழுத வராது என்பதால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; மனத்தளவில் நிற்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், அக்காவும், தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அனைவரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உண்மை வேறு. என் மகள் என்னோடு பேசுவதில்லை. உங்கள் தங்கை என்னோடு பேசுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கடையே கதி என்று கிடக்கிறேன். நேற்று ஒரு வாடிக்கையாளரின் சட்டையில் காஜா எடுக்க வேண்டிய பக்கமும் பொத்தான், பொத்தான் வைக்க வேண்டிய பக்கமும் பொத்தான் என்று தைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். "மாட்டாம விட்டா காத்தோட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாங்கிப் போனார். என் நிலைமை அப்படி.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் நீங்கள் "ஹலோ" என்று சொன்னால், அதற்கப்புறம் என் முறை வருவது நீங்கள் "சரி, வச்சிடறேன்" என்று சொல்லும்போதுதான். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெரிய கப்பல் கம்பெனியில் இங்கிலீஷில் கடிதம் எழுதியே காலம் தள்ளியவர் நீங்கள். சொல்வதற்கு உங்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் இந்த வினை முழுவதும் வாயால் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு குளத்துத் தவளைகள் மொத்தமும் கெட்டிருக்கின்றன. ஆகவே கையால் எழுதியாவது சரிசெய்யலாம் என்று பார்க்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். பாதியில் கோபப்பட்டால் கடைசியில் இருக்கிற வேண்டுகோள் உங்கள் கண்ணில் படாது.

எல்லாவற்றுக்கும் காரணம் 'டைட்' என்கிற ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

எனக்கு அந்த வார்த்தை புதிதல்ல. என் தொழிலே அதில்தான் ஓடுகிறது. ஒரு நாளில் பத்துப் பேராவது கடைப் படியேறி "மாஸ்டர், தோள்ல டைட்டா இருக்கு", "அக்குள்ல டைட்டா இருக்கு" என்பார்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன். தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்துவிடுவேன். பக்கத்துக் கடை சாவிக்காரரிடம்தான் அந்த வார்த்தைக்கு இரண்டாவது அர்த்தம் இருப்பதைக் கற்றுக்கொண்டேன். அவர் தொழிலில் கெட்டிக்காரர். எவர் வீட்டுப் பூட்டையும் பேசிக்கொண்டே திறந்துவிடுவார். ஆனால் மாலையில் கொஞ்சம் தண்ணி போட்டுவிட்டால் தன் கடைப் பூட்டையே அவரால் திறக்க முடியாது, என்னைத்தான் கூப்பிடுவார். "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு ஃபுல் டைட்டு." ஆக, துணி ஒன்று, தண்ணி ஒன்று. ஒரு சின்ன வார்த்தைக்கு இரண்டு அர்த்தமே அதிகம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் உங்கள் மருமகள், அதாவது என் மகள், ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும், மருந்துக் கம்பெனியில் 'குவாலிட்டி'யில் இருக்கிறார் என்று சொன்னதும், அவர் வீட்டுக்கு வந்ததும், இரண்டு பக்கமும் பேசிக் கல்யாண நாள் குறித்ததும் உங்களுக்குத் தெரியும். பிள்ளையை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதிகம் பேசவில்லை. கொடுத்த டம்ளரைக் காலி செய்து, தானே எடுத்துப் போய் உள்ளே வைத்தார். உங்கள் தங்கை அந்த இடத்திலேயே உருகிவிட்டாள். இருபத்தைந்து வருஷமாக என் டம்ளர் நான் வைத்த இடத்திலேயே இருப்பதைப் பற்றி அன்று எனக்குத் தனியாக ஒரு பாடம் நடந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நீங்கள்தான் போனில், "விசாரிக்காம பொண்ணு குடுக்கிறவனைவிடப் பெரிய முட்டாள் இல்லடா" என்றீர்கள். முட்டாள் பட்டம் ஏற்கனவே வீட்டில் எனக்கு உண்டு. ஊர் முழுக்க வேண்டாமே என்று, மகளிடம் சொல்லாமல், மறுநாளே விசாரிக்கக் கிளம்பினேன்.

அன்றைக்கே சகுனம் சரியில்லை. வந்து நின்ற பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினால் கண்டக்டர், "உள்ள ரொம்ப டைட்டு, அடுத்ததுல வாங்க" என்றார். அப்போதே திரும்பியிருக்கலாம். அடுத்ததில் போய்ச் சேர்ந்தால் கம்பெனி வாசலில் காவல்காரர் மறித்தார். "இன்னைக்கு மேலிடத்துல இருந்து ஆள் வந்திருக்காங்க. டைட்டு பண்ணியிருக்காங்க. உள்ள விடமாட்டோம்." மூன்றாவதாக ஓர் அர்த்தம், நாலாவதாக ஓர் அர்த்தம் என்று அந்த வார்த்தை அப்போதே குட்டி போட ஆரம்பித்திருக்கிறது. எனக்கு உறைக்கவில்லை. வாசலுக்கு எதிரே டீக்கடை இருந்தது. கம்பெனி ஆட்கள் வந்து நின்று குடித்துவிட்டுப் போகிற இடம். விசாரிக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று ஒரு டீயைச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் அடையாளத்தைச் சொல்லி மெதுவாகக் கேட்டேன்.

"யாரு, குவாலிட்டில கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பாரே, அவரா?" என்றார் டீக்கடைக்காரர். "தங்கமான ஆளு. ஆனா எப்பவும் டைட்டு."

டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "எப்பவுமா?"

"காலையில உள்ள போய்ப் பாட்டிலைக் கையில எடுத்தார்னா, சாயந்திரம் சங்கு ஊதுற வரைக்கும் கீழ வைக்க மாட்டார்னு அவங்க ஆளுங்களே சொல்லுவாங்க. ஒரு டீ குடிக்கக்கூட வெளிய வரமாட்டார்."

எப்படி வருவார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் சீருடையோடு நின்ற ஒருவர், லாரியில் பெட்டி ஏற்றுகிறவராம், அவராகவே பேச்சில் நுழைந்தார். "அவரு டைட்டுன்னு சொன்னாத்தாங்க எங்க லாரியே கிளம்பும். போன மாசம் அவர் லீவு போட்டாரு. ஒண்ணுகூட டைட்டா இல்ல. எல்லாம் ஊத்திக்கிச்சு. மேனேஜர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தாரு."

"அவர் டைட்டா இருக்கிறது மேனேஜருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமாவா? மேனேஜர் தினமும் வந்து, அவர் கையாலேயே ரெண்டு பாட்டிலைக் குடுத்துட்டுப் போவாரு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அரண்டிருந்தேன். மருந்துக் கம்பெனி; பாட்டில்; மேனேஜரே ஊற்றிக் கொடுக்கிறார்; ஆள் டைட்டாக இல்லாத நாளில் வியாபாரமே ஊற்றிக்கொள்கிறது. அந்த அழகான பிள்ளையா, டம்ளரைத் தானே எடுத்து வைத்த பிள்ளையா என்று நினைத்தேன். டம்ளரைப் பார்த்ததும் கை தானாகப் போனதன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது போலவே இருந்தது. டீக்குக் காசு கொடுத்தேனா என்றுகூட நினைவில்லை.

ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கக் கூடாதே என்று, அவர் வாயாலேயே கேட்டுவிடுவோம் என மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். கொஞ்சம் நேரில் பேச வேண்டும் என்றேன்.

"இந்த வாரம் ஃபுல்லா டைட்டு மாமா" என்றார், வெட்கமே இல்லாமல். "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கொஞ்சம் லூஸாவேன். அப்ப வரட்டுமா?"

"எத்தனை நாளா தம்பி இப்படி?"

"சேர்ந்ததுல இருந்தே இப்படித்தான் மாமா. பழகிடுச்சு."

"உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"என்ன மாமா பண்றது, மேனேஜர் விடமாட்டேங்கிறார்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்புறமும் டைட்டாத்தான் மாமா இருக்கும். அவகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். அனுசரிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கா."

இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியதை மறைக்காமல் எழுதுகிறேன். குடிக்கிறவன் மேல் கோபம் வரவில்லை. அனுசரித்துக்கொள்கிறேன் என்று சொன்ன என் பெண்ணை நினைத்துத்தான் தாங்கவில்லை. அந்த வேகத்தில்தான் உங்களுக்குச் செய்தி அனுப்பினேன்: "விசாரித்தேன். மாப்பிள்ளை எப்பவும் டைட். இந்தக் கல்யாணம் வேண்டாம்." போனில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவன் நான். 'குடிகாரன்' என்று தட்டுவதைவிட 'டைட்' என்பது சுலபமாக இருந்தது. சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த தண்டனை இது.

இனி வருவது உங்கள் பங்கு. தவறு முழுவதும் உங்களுடையது என்று நான் சொல்லவே மாட்டேன். பாதிதான்.

உங்களுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்பது நம் குடும்பத்துக்கே பெருமை. அந்த பாஷையில் அந்த வார்த்தைக்குக் கஞ்சன் என்றும் ஓர் அர்த்தம் உண்டாம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். அகராதியில் இருக்கிறதாம், நீங்களே பிறகு சொன்னீர்கள். நான் தண்ணியைச் சொன்னேன்; நீங்கள் காசைப் புரிந்துகொண்டீர்கள். புரிந்துகொண்டதோடு நிற்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நேராக மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டீர்கள். "உங்க பையன் ரொம்ப டைட்டாமே, உண்மையா?" என்று கேட்டீர்கள். கேட்டது யாரிடம்? வாழ்நாள் முழுக்கக் குழாய் மாட்டிப் பிழைக்கிற ஒரு பிளம்பரிடம். அவர் தொழிலில் அதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. ஒரு சொட்டு ஒழுகாத ஆள் என்று அர்த்தம். அந்த மனிதர் மகிழ்ந்துபோய், "ஆமாங்க! சின்ன வயசுலேயே அப்படி வளர்த்துட்டேன். நானும் டைட்டு, எங்க அப்பாவும் டைட்டு. எங்க பரம்பரையே அப்படித்தான். எங்ககிட்ட ஒரு சொட்டு வெளிய போகாது" என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் அடுத்த நிமிஷம் என்னைக் கூப்பிட்டு, "கேட்டியா, குடும்பமே டைட்டாம்! அவங்கப்பனே வாய் விட்டு ஒத்துக்கிட்டான். ஒரு சொட்டு வெளிய போகாதாம்!" என்றீர்கள். எனக்கு என்ன கேட்டது என்று நினைத்துப் பாருங்கள். அப்பன், பாட்டன், பரம்பரை எல்லாரும். அதிலும் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறேன். எனக்குக் கிளம்பியது பூதத்தின் பரம்பரை.

போனை வைத்ததும் நெஞ்சைப் பிசைந்தது. உங்கள் தங்கை பயந்து என்னைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு? டைட்டா இருக்கா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "டாக்டர், என் பொண்ணு மேல சத்தியமா நான் அதைத் தொட்டதே இல்லை!" அவர் என்னைப் பார்த்தார், பிறகு உங்கள் தங்கையைப் பார்த்தார். "இவர் எப்பவும் இப்படித்தான் டாக்டர், இது வியாதி இல்லை" என்றாள் அவள். பயத்தில் வந்த வாயுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாலையே நானும் அவளும் பிளம்பர் வீட்டுக்குப் போனோம். கல்யாணத்தை நிறுத்திவிட்டு வருவதாகத் திட்டம். சின்ன வீடு, துடைத்துவைத்த மாதிரி சுத்தம். சமையலறையில் ஒரு குழாய்கூடச் சொட்டவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை, இப்போது எழுதும்போது தோன்றுகிறது. பிளம்பர் வாசல்வரை வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். உட்காரவைத்தார். பிறகு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் வெடித்துவிட்டேன். "நாங்க குடிக்கிற குடும்பம் இல்லை!"

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "காபி கூடவா?" என்றார். "பாலாவது தரட்டுமா?" என்று மறுபடி கேட்டார் பாவம்.

உங்கள் தங்கை என் தொடையில் கிள்ளினாள். நான் நிற்கவில்லை. "சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராதுங்க. எப்பவும் டைட்டா இருக்கிறவருக்கு என் பொண்ணைக் குடுக்க முடியாது" என்றேன்.

பிளம்பரின் முகம் சுருங்கியது. "பின்ன, லூஸா இருக்கிறவனுக்கா குடுப்பீங்க?" என்றார்.

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து மாப்பிள்ளையும் நம் பெண்ணும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் வாடியது. நடந்ததை அவளுடைய அம்மா சொன்னாள். பெண் சிரிப்பாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளைதான் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்து பாட்டில் மூடி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "என் வேலையே இதான் மாமா. மேனேஜர் தினமும் மாதிரிக்கு ரெண்டு பாட்டில் குடுப்பார். அதை வச்சு, பாட்டிலை எடுத்து எடுத்து, மூடி சரியா டைட்டா இருக்கான்னு பாக்கணும். நான் சரின்னு சொன்னாத்தான் பெட்டிக்குப் போகும்."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும். ரொம்ப லூஸா இருந்தா ஒரு குழந்தை தொறந்து குடிச்சிடும். ரொம்ப டைட்டா இருந்தா, கை நடுங்குற வயசானவங்க தொறக்க முடியாம இருமிக்கிட்டே உக்காந்திருப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு மாமா. அதைப் பிடிக்கத்தான் சம்பளம்."

மைத்துனர் அவர்களே, அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காகவும், யாரோ ஒரு கிழவனுடைய இருமலுக்காகவும் நாள் முழுக்க மூடி திருகுகிற ஒருவனைத்தான் நான் குடிகாரன் ஆக்கியிருக்கிறேன். இவர்கள் பழகிய கதையையும் அன்றுதான் அவருடைய அம்மா சொன்னார். கண்ணாடி ஃபிரேம் லூஸாகிவிட்டது என்று நம் பெண் வேலை செய்கிற கடைக்கு வாராவாரம் போவாராம். அவள் திருகாணியை டைட் செய்து அனுப்புவாளாம். ஊர் மூடியெல்லாம் சரிபார்க்கிறவருக்குத் தன் கண்ணாடித் திருகாணி மட்டும் எப்படிக் கழன்றுகொண்டே இருந்தது என்று கேட்டால், இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். காபி வந்துவிட்டது. நான் இரண்டு டம்ளர் குடித்துக் காட்டினேன். அப்போதுதான் பிளம்பர் யோசித்து யோசித்து ஒரு கேள்வியைக் கேட்டார். "அது சரிங்க, நீங்க குடியை நினைச்சீங்க. உங்க மைத்துனர்னு ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டாரே, அவர் எந்த டைட்டைக் கேட்டார்?"

நான் பொய் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை உண்மை விளம்பி. "எங்கண்ணனோட இங்கிலீஷ்ல டைட்டுன்னா கஞ்சன். கஞ்சத்தனத்தைத்தான் கேட்டிருப்பாருங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

பிளம்பர் டம்ளரைக் கீழே வைத்தார். தான் என்னவெல்லாம் பதில் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. "நானும் டைட்டு, எங்கப்பாவும் டைட்டுன்னு வேற பெருமையா சொன்னேனே" என்றார். அவருக்கு வலித்துவிட்டது. "தெருவுல யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் சாப்பிட்ட கையைக் கழுவாம ஓடுறவன்ங்க நான். காசு குடுத்தா வாங்குவேன், இல்லேன்னா விட்டுடுவேன். என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை. அவர் வரட்டும். இந்த வீட்டுல உக்காந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டு, சொன்னது தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்."

கல்யாணம் இப்போது அந்த ஒரு வாய் காபியில் தொங்குகிறது.

அதைவிட எனக்குப் பெரிய அடி, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது விழுந்தது. நம் பெண் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று நின்று திரும்பினாள். "டீக்கடையில கேட்டீங்க. லாரி ஏத்துறவர்கிட்ட கேட்டீங்க. அவர்கிட்டயே கேட்டீங்க. மாமாகிட்ட சொன்னீங்க. நான் ஒருத்தி வீட்டுல இருக்கேன்ல? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பேச்சு இல்லை. சாப்பாடு கொண்டுவந்து கடையில் வைப்பாள், போய்விடுவாள். வசவு எனக்குப் பழக்கம், உங்கள் தங்கை தயவு. இந்த மௌனம் பழகவில்லை. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். சாப்பாட்டுத் தூக்கை வைக்கிற சத்தம்தான் கேட்கிறது.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து அவசியம் வந்துசேருங்கள். பஸ் நிலையத்தில் நானே வந்து நிற்பேன். இரண்டு பேரும் பிளம்பர் வீட்டுக்குப் போவோம். காபி நன்றாகவே இருக்கிறது. குடித்துவிட்டு, "தப்பா புரிஞ்சுக்கிட்டேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். தமிழில் சொல்லுங்கள், இங்கிலீஷ் கலக்க வேண்டாம். விளக்கமும் வேண்டாம். உங்கள் அகராதியை எக்காரணம் கொண்டும் எடுத்துவர வேண்டாம். வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். தெரியும். புதிதாக ஒன்றைக் கற்க வயது ஒரு தடையல்ல என்றும் நீங்கள்தான் சொல்வீர்கள். உங்கள் மருமகளுக்காக வாருங்கள். நீங்கள் வராவிட்டால் இந்தக் கல்யாணம் நடக்காது. நடக்காவிட்டால் என் பெண் என்னோடு பேச மாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சின்னவர்கள் எல்லாருக்கும் என் ஆசி. தங்கள் முழங்கால் பஸ் படிக்கட்டு ஏறுகிற அளவுக்காவது சீக்கிரம் குணமாக வேண்டும் என்று, கொஞ்சம் சுயநலத்தோடு, வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் மரியாதைக் குறைவாக ஏதும் இருந்தால் அது எழுத்துப்பிழை.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத, தட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இதை உறையில் போட்டு ஒட்டியபிறகு மறுபடி உறையைப் பிரித்து எழுதுகிறேன். மதியம் பிளம்பர் என் கடைக்கு வந்திருந்தார். கல்யாணம் குறித்த நாளிலேயே நடக்கிறது. இப்போது நாங்கள் நகமும் சதையும் போல ஆகிவிட்டோம். உங்களைப் பற்றிப் பேசிப் பேசித்தான் ஆனோம். "உங்க மைத்துனர் எப்பவும் இப்படித்தானா?" என்று அவர் தொடங்கினார். "என் கல்யாண நாள்ல இருந்து" என்றேன். உங்கள் தங்கையும் வந்து உட்கார்ந்து நாலு கதை சொன்னாள். பொழுது போனதே தெரியவில்லை. நீங்கள் வந்து தப்பு என்று சொல்லிவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் பேச ஒரு பொதுவான விஷயம் இல்லாமல் போய்விடும். ஆகவே கோபத்தோடேயே இருங்கள். கல்யாணத்தன்று வந்தால் போதும்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. பிளம்பர் வந்தபோது நிலைமை அப்படியில்லை. கையில் ஒரு கால்சட்டையோடு வாசலிலேயே நின்றார். "கல்யாணத்துக்குப் போடலாம்னு எடுத்தேன். இடுப்புல... அந்த மாதிரி இருக்கு" என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தை நிறுத்தி வைத்தவரே கல்யாணத்துக்குக் கால்சட்டை எடுத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் இறங்கி வர மனம் வரவில்லை. முகத்தை வைத்துக்கொண்டு தையலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே துணி தாராளமாக இருந்தது. "அவ்வளவா துணி இல்லைங்க. பாக்கலாம்" என்றேன். அவரும் "பாருங்க" என்றார். அந்த நேரத்தில்தான் நம் பெண் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் விட்டுக் குடுங்கப்பா" என்றாள்.

கால்சட்டையைச் சொன்னாளா, சண்டையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் விட்டுக் கொடுத்துவிட்டேன்.